சர்வரில் ஓடுகிறது, பிரவுசரில் வரவில்லை

கிளவுடில் ஒரு சர்வர் எடுத்து, டாக்கர் போட்டு, அப்ளிகேஷனைக் கன்டெய்னரில் ஏற்றி ஓடவிட்டாயிற்று. டெர்மினலில் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிகிறது. பிரவுசரில் முகவரியைத் தட்டினால் மட்டும் பக்கம் வருவதில்லை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் எல்லோரும் ஒருநாள் இந்த இடத்தில் வந்து நிற்கிறார்கள். பதற்றத்தில் சர்வரை ரீபூட் செய்வார்கள், இமேஜை மறுபடி பில்ட் செய்வார்கள், ஃபயர்வாலை அணைத்துப் பார்ப்பார்கள். சில சமயம் எதனால் சரியானது என்று தெரியாமலே சரியாகியும் விடும். அடுத்த மாதம் மறுபடி அதே கதை.

பிரவுசரிலிருந்து கிளம்பும் கோரிக்கை டி.என்.எஸ்., கிளவுட் நிறுவனத்தின் ஃபயர்வால், சர்வரின் சொந்த ஃபயர்வால், டாக்கர் திறந்துவைத்த போர்ட், கன்டெய்னரின் நெட்வொர்க் எல்லாவற்றையும் தாண்டித்தான் அப்ளிகேஷனைச் சேர்கிறது. எங்கே நின்றுபோனது என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை. கண்டுபிடித்துவிட்டால் சரிசெய்ய அநேகமாக ஒரு வரி போதும். அந்த இடத்துக்குப் போய்ச் சேர எனக்குத் தெரிந்த வழிகளைச் சொல்கிறேன்.

1. பிழைச் செய்தியை முழுசாகப் படி

“சைட் வரலைண்ணா” என்று வந்து நிற்காதே. எப்படி வரவில்லை என்று பார். ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறாய். உள்ளேயிருந்து “அப்படி யாரும் இங்கே இல்லை” என்று குரல் வந்தால் அது ஒரு விஷயம். எவ்வளவு தட்டியும் சத்தமே இல்லை என்றால் அது வேறு விஷயம். ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ என்றால் முதல் வகை. நீ அனுப்பியது சர்வர்வரை போய்விட்டது, அந்தப் போர்ட்டில் கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. ‘டைம்டு அவுட்’ என்றால் இரண்டாவது வகை. வழியில் ஏதோ ஒரு ஃபயர்வால் சத்தமில்லாமல் விழுங்கியிருக்கிறது, அல்லது ஐபி முகவரியே தவறு.

‘நோ ரூட் டு ஹோஸ்ட்’ என்று கர்ல் சொன்னால் ரூட்டிங்கைத் தேடி ஓடாதே. சர்வரில் உள்ள ஐபிடேபிள்ஸ் விதி ஒன்று வெளிப்படையாக மறுத்து அனுப்பினாலும் இதே செய்திதான் வரும். 502 வந்தால் நல்ல செய்தி என்றே எடுத்துக்கொள்: முன்னால் நிற்கும் எஞ்சின்எக்ஸ் வரை வழி திறந்திருக்கிறது, அதற்குப் பின்னால்தான் கோளாறு. 400 வந்தால் இன்னும் நல்லது. அப்ளிகேஷனே பேச ஆரம்பித்துவிட்டிருக்கலாம். ஜாங்கோவில் ‘அலவ்டு ஹோஸ்ட்ஸ்’ பட்டியலில் உன் டொமைன் இல்லாவிட்டால் இந்த 400 வரும்.

2. உள்ளேயிருந்து வெளியே வா

பிரவுசரில் தொடங்கி உள்ளே போகாதே. முதலில் கன்டெய்னருக்குள் இருந்தே கர்ல் அடித்துப் பார். அடுத்து சர்வரில் இருந்து அடி. அடுத்து உன் லேப்டாப்பில் இருந்து. கடைசியில்தான் பிரவுசர். கடைசியாகப் பதில் வந்த இடத்துக்கும் முதலில் பதில் வராத இடத்துக்கும் நடுவில்தான் கோளாறு இருக்கிறது. வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

சின்ன இமேஜ்களில் கர்ல் இருக்காது. அதற்காக இமேஜைத் திருத்தி மறுபடி பில்ட் செய்யாதே. கர்ல் உள்ள இன்னொரு கன்டெய்னரை, பழுதான கன்டெய்னரின் நெட்வொர்க்கையே பகிர்ந்துகொள்ளும்படி ஓட்டலாம். டாக்கரில் அதற்கு வசதி உண்டு. ஆல்பைன் இமேஜ் என்றால் டபிள்யூகெட் இருக்கும், அதுவே போதும்.

3. கன்டெய்னர் உயிரோடு இருக்கிறதா என்று பார்

‘டாக்கர் பிஎஸ்’ என்று மட்டும் அடித்தால் ஓடிக்கொண்டிருப்பவை மட்டும்தான் தெரியும். ‘மைனஸ் ஏ’ சேர்த்து அடி. செத்துக் கிடப்பவையும் தெரியும். ‘அப் 3 செகண்ட்ஸ்’ என்றே எப்போது பார்த்தாலும் காட்டுகிறதா? ரீஸ்டார்ட் பாலிசியின் புண்ணியத்தில் அது செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருக்கிறது. ‘டாக்கர் லாக்ஸ்’ பார். லாக்கின் கடைசி வரியோடு நிறுத்தாமல், முதல் பிழை எங்கே வந்தது என்று மேலே போய்த் தேடு. கீழே இருப்பவை பெரும்பாலும் முதல் பிழையின் பின்விளைவுகள்.

எக்ஸிட் கோடும் பேசும். 127 என்றால் ஓட்டச் சொன்ன கமாண்டே அங்கே இல்லை. 137 என்றால் யாரோ அதைக் கொன்றிருக்கிறார்கள்: 128-உடன், கொல்லும் சிக்னலின் எண்ணான 9. ஒரு ஜிபி மெமரி உள்ள மலிவான சர்வரில் ஜாவா அப்ளிகேஷனையும் டேட்டாபேஸையும் சேர்த்து ஓட்டினால், மெமரி தீர்ந்து கர்னல்தான் அந்தக் கொலையைச் செய்திருக்கும். ‘டாக்கர் இன்ஸ்பெக்ட்’ அடித்தால் ‘ஓஓஎம் கில்டு’ என்ற இடத்தில் ‘ட்ரூ’ என்று ஒப்புக்கொண்டிருக்கலாம். இதற்குப் போய் ஃபயர்வாலில் நாள் முழுக்கத் தேடுபவர்கள் உண்டு.

4. போர்ட்டை வெளியிட்டாயா என்று உறுதிசெய்

டாக்கர்ஃபைலில் ‘எக்ஸ்போஸ் 80’ என்று எழுதிவிட்டால் போர்ட் திறந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது, இந்த இமேஜ் எந்தப் போர்ட்டைப் பயன்படுத்தும் என்று படிப்பவருக்குச் சொல்லும் குறிப்பு. வெளியிலிருந்து வழி கொடுப்பது ‘டாக்கர் ரன்’ கமாண்டில் போடும் ‘மைனஸ் பி’யும், கம்போஸ் ஃபைலில் எழுதும் ‘போர்ட்ஸ்’ பகுதியும்தான்.

8080:80 என்று எழுதும்போது இடதுபக்கம் சர்வரின் போர்ட், வலதுபக்கம் கன்டெய்னருக்குள் அப்ளிகேஷன் கேட்கும் போர்ட். மாற்றி எழுதினாலும் டாக்கர் ஒன்றும் சொல்லாது, கன்டெய்னரும் அழகாக ஓடும். டாக்கர் பிஎஸ் காட்டும் போர்ட் பத்தியில் 0.0.0.0:8080 என்று தொடங்கி அம்புக்குறி போட்டு 80 என்று இருந்தால் வழி இருக்கிறது. வெறும் 80 மட்டும் இருந்தால் வழி இல்லை. 127.0.0.1:8080 என்று தொடங்கினால் சர்வருக்குள் மட்டும்தான் வழி.

‘டாக்கர் ரன்’ கொடுக்கும்போது மறந்த போர்ட்டை, ‘டாக்கர் ரீஸ்டார்ட்’ கொண்டு சேர்க்க முடியாது. கன்டெய்னரை அகற்றிவிட்டுப் புதிதாக உருவாக்கு. டேட்டாவை வால்யூமில் வைத்திருக்கிறாயா என்பதை அகற்றுவதற்கு முன்னால் பார்த்துக்கொள். அகற்றிய பிறகு பார்த்துப் பயனில்லை.

5. கன்டெய்னருக்குள் 127.0.0.1 என்பது அந்தக் கன்டெய்னர் மட்டும்தான்

புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்களில் இதற்குத்தான் முதலிடம். அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஒவ்வொரு கன்டெய்னருக்கும் லினக்ஸ் தனியாக ஒரு நெட்வொர்க் உலகத்தைக் கொடுக்கிறது. அதற்குச் சொந்தமாக ஒரு லூப்பேக் உண்டு. அப்ளிகேஷன் 127.0.0.1-இல் கேட்டால், அதே கன்டெய்னருக்குள் இருந்து வரும் குரல் மட்டும்தான் அதன் காதில் விழும். வெளியிலிருந்து டாக்கர் அனுப்பும் கோரிக்கை, கன்டெய்னரின் 172.17 என்று தொடங்கும் முகவரிக்கு அல்லது அதுபோன்ற வேறொரு தனி முகவரிக்கு வருகிறது. அந்த வாசலில் கேட்க ஆள் இல்லை.

ஃபிளாஸ்க் தன் வளர்ச்சி சர்வரை இயல்பாகவே 127.0.0.1:5000-இல் தொடங்குகிறது. ஜாங்கோவின் ரன்சர்வர் 127.0.0.1:8000-இல். வீட் 5173-இல், லோக்கல்ஹோஸ்டில். உன் லேப்டாப்பில் இவை பாதுகாப்பான தேர்வுகள். கன்டெய்னருக்குள் வைத்தால் ஊமையாகிவிடும். தொடங்கும்போதே ஹோஸ்ட் 0.0.0.0 என்று கொடு. எல்லா இடைமுகத்திலும் கேள் என்பது அதன் அர்த்தம்.

இந்தக் கோளாறுக்கு ஒரு கைரேகை உண்டு. கன்டெய்னருக்குள் கர்ல் அடித்தால் பதில் வரும். சர்வரில் இருந்து லோக்கல்ஹோஸ்ட் 8080-க்கு அடித்தால் இணைப்பு கிடைத்ததுபோலக் கிடைத்து உடனே ‘கனெக்‌ஷன் ரீசெட்’ அல்லது ‘எம்ப்டி ரிப்ளை’ வரும். டாக்கரின் ப்ராக்ஸி கதவைத் திறந்து வாங்கிக்கொள்கிறது, உள்ளே கொடுக்க ஆளில்லாமல் மூடிவிடுகிறது. வெளியூரில் இருந்து அடித்தாலோ ‘ரெஃப்யூஸ்டு’ வரும், ஏனென்றால் அந்தக் கோரிக்கை ப்ராக்ஸியைத் தொடாமல் முகவரி மாற்றப்பட்டு நேராகக் கன்டெய்னருக்கே போகிறது. இந்த மூன்று பதில்களையும் சேர்த்துப் பார்த்தால் வேறு சோதனை தேவைப்படாது.

6. கிளவுட் நிறுவனத்தின் ஃபயர்வாலை மறக்காதே

சர்வரில் இருந்து பதில் வருகிறது, லேப்டாப்பில் இருந்து அடித்தால் டைம் அவுட் ஆகிறது என்றால் முதல் சந்தேகம் இதன் மேல்தான் விழவேண்டும். அமேசானில் செக்யூரிட்டி குரூப், அஷ்யூரில் நெட்வொர்க் செக்யூரிட்டி குரூப், கூகுளில் விபிசி ஃபயர்வால் என்று பெயர்கள் வேறு வேறு. இவை சர்வருக்கு வெளியே இருப்பவை; சர்வருக்குள் எந்தக் கமாண்ட் கொடுத்தாலும் கண்ணில் படாது. அமேசானில் நீயாக உருவாக்கும் புது செக்யூரிட்டி குரூப்பில் உள்ளே வருவதற்கு ஒரு விதியும் இருக்காது.

விதி எழுதும்போது மூன்றைச் சரிபார். திறக்கவேண்டியது சர்வரின் போர்ட். 8080:80 என்றால் 8080-ஐத் திற, 80-ஐத் திறந்து பயனில்லை. அந்த குரூப் இந்தச் சர்வரோடுதான் இணைந்திருக்கிறதா என்று பார்; ஒரே மாதிரி பெயருள்ள வேறொன்றைத் திருத்திவிட்டுக் காத்திருப்பது அடிக்கடி நடக்கும். உன் ஐபிக்கு மட்டும் என்று திறந்திருந்தால், வீட்டு இணைய இணைப்பின் ஐபி நேற்று இருந்ததுபோல் இன்றும் இருக்கும் என்று எண்ணாதே.

சப்நெட்டுக்கு யாராவது தனியாக நெட்வொர்க் ஏசிஎல் எழுதியிருந்தால், அது போன கோரிக்கையை நினைவில் வைத்துக்கொள்ளாது. பதில் வெளியே போவதற்கும் தனி விதி வேண்டும், 1024 முதல் 65535 வரையான போர்ட்டுகளுக்கு.

7. யுஎஃப்டபிள்யூ சொல்வதை அப்படியே நம்பாதே

உபுண்டுவில் யுஎஃப்டபிள்யூ போட்டு, 8080-ஐ மூடியும் வைத்திருக்கிறாய். ஆனாலும் வெளியிலிருந்து வருகிறது. மந்திரம் ஒன்றும் இல்லை. டாக்கர் தனக்கு வேண்டிய விதிகளை ஐபிடேபிள்ஸில் தானே எழுதிக்கொள்கிறது. வெளியிட்ட போர்ட்டுக்கு வரும் கோரிக்கையின் முகவரி ஆரம்பத்திலேயே கன்டெய்னரின் முகவரியாக மாற்றப்படுகிறது. அதனால், யுஎஃப்டபிள்யூ காவல் நிற்கும் உள்வாசலுக்கு அது வருவதே இல்லை.

இதைத் தடுக்கவேண்டுமானால் ‘டாக்கர்-யூசர்’ என்ற சங்கிலியில் விதி எழுது. நம்மைப் போன்றவர்களுக்காகவே டாக்கர் விட்டுவைத்த இடம் அது. அங்கே போய்ச் சேரும்போது போர்ட் எண்ணும் கன்டெய்னரின் எண்ணாக மாறியிருக்கும் என்பதை நினைவில் வை.

8. திறக்கவேண்டியதை மட்டும் திற

அவசரத்தில் எல்லாப் போர்ட்டையும் உலகத்துக்கே திறந்துவைத்து, “அப்புறம் மூடிக்கலாம்” என்பார்கள். அந்த அப்புறம் வருவதே இல்லை. இணையத்தில் உள்ள முகவரிகளை இரவுபகலாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் நிரல்கள் இருக்கின்றன. ரெடிஸின் 6379, போஸ்ட்கிரெஸின் 5432, மோங்கோவின் 27017 எல்லாம் அவற்றுக்கு மனப்பாடம். 2017 ஜனவரியில், பாஸ்வேர்டு இல்லாமல் திறந்துகிடந்த ஆயிரக்கணக்கான மோங்கோ டேட்டாபேஸ்களை அழித்துவிட்டு, பிட்காயின் கேட்டுச் சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனார்கள்.

டேட்டாபேஸ் கன்டெய்னருக்குப் ‘போர்ட்ஸ்’ பகுதியே தேவையில்லை. ஒரே கம்போஸ் நெட்வொர்க்கில் இருக்கும் அப்ளிகேஷன் அதைப் பெயர் சொல்லியே கூப்பிட்டுக்கொள்ளும். உன் லேப்டாப்பில் இருந்து நீ பார்க்கவேண்டுமானால் 127.0.0.1-இல் மட்டும் வெளியிட்டு, எஸ்எஸ்எச் டனல் வழியாகப் போ. டாக்கரின் சொந்தக் கட்டுப்பாட்டுப் போர்ட்டான 2375-ஐ எக்காரணம் கொண்டும் இணையத்துக்குத் திறக்காதே. அது திறந்திருந்தால் சர்வரையே கொடுத்துவிட்டதாகத்தான் அர்த்தம்.

அதே எஸ்எஸ்எச் டனல் நல்ல சோதனைக் கருவியும்கூட. டனல் வழியாகப் பிரவுசரில் பக்கம் வந்து, நேராகப் போனால் வரவில்லை என்றால், போர்ட்டை 127.0.0.1-இல் மட்டும் வெளியிடாதவரை, அப்ளிகேஷனும் டாக்கரும் குற்றமற்றவை.

9. பிங்கை வைத்துத் தீர்ப்பு சொல்லாதே

பிங் போவது ஐசிஎம்பி என்ற வேறு வழியில். செக்யூரிட்டி குரூப்பில் அதற்கு அனுமதி இல்லாவிட்டால் நன்றாக ஓடும் சர்வரும் பதில் சொல்லாது. பிங் வந்துவிட்டது என்பதற்காக 8080 திறந்திருக்கிறது என்றும் ஆகாது. போர்ட்டைச் சோதிக்க நெட்கேட் இருக்கிறது, கர்ல் இருக்கிறது. சர்வரில் எது எந்தப் போர்ட்டில் கேட்கிறது என்பதை ‘எஸ்எஸ்’ கமாண்ட் சொல்லும்.

சந்தேகம் தீரவே இல்லையென்றால் சர்வரில் டிசிபிடம்ப்பை அந்தப் போர்ட்டுக்கு ஓடவிட்டுப் பிரவுசரை ரெஃப்ரெஷ் செய். ஒரு பாக்கெட்கூட வரவில்லை என்றால் சர்வருக்கு வெளியே தேடு. வருகிறது, பதில் போகவில்லை என்றால் உள்ளே தேடு.

10. நீ தட்டும் முகவரி எது என்று பார்

சர்வரில் ஐபி என்னவென்று கேட்டால் 10 அல்லது 172.31 என்று தொடங்கும் ஒன்றைக் காட்டும். அது கிளவுடின் உள் முகவரி, உன் வீட்டிலிருந்து அங்கே போக வழி கிடையாது. நிறுவனத்தின் கன்சோலில் இருக்கும் பப்ளிக் ஐபியை எடு. அமேசானில் சர்வரை நிறுத்தி மறுபடி தொடங்கினால் இந்த ஐபி மாறிவிடும். மாறாமல் இருக்க எலாஸ்டிக் ஐபி வாங்கி இணைக்கவேண்டும். வெறும் ரீபூட்டுக்கு மாறாது.

டொமைன் வைத்திருந்தால் ‘டிக்’ கமாண்டை அடித்து, அது காட்டும் ஐபி இந்தச் சர்வருடையதுதானா என்று ஒப்பிடு. பழைய சர்வரின் ஐபிவி6 பதிவு ஒன்று டி.என்.எஸ்.ஸில் மறந்துபோய்க் கிடந்தால், சிலருக்கு வரும், சிலருக்கு வராது. இந்தக் குழப்பத்தைப் பார்த்தால் அந்தப் பதிவைத்தான் முதலில் தேடு.

11. பிரவுசருக்கும் பிடிவாதம் உண்டு

கர்லுக்குப் பதில் வருகிறது, பிரவுசருக்கு வரவில்லையா? முகவரியின் தொடக்கத்தைப் பார். நீ எச்டிடிபி என்று நினைத்திருக்க, பிரவுசர் தானாக எச்டிடிபிஎஸ் போட்டிருக்கும். வெறும் எச்டிடிபி பேசும் போர்ட்டில் எஸ்எஸ்எல் பேசினால் சண்டைதான். டாட் டெவ், டாட் ஆப் என்று முடியும் டொமைன்களுக்கு எச்டிடிபிஎஸ் கட்டாயம் என்று பிரவுசருக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே சான்றிதழ் வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

முன்பு ஒருமுறை வந்த 301 திசைமாற்றத்தையும் பிரவுசர் நினைவில் வைத்துக்கொண்டு பழைய இடத்துக்கே போகும். இன்காக்னிட்டோவில் திறந்து பார். 6000, 6667, 10080 போன்ற சில போர்ட்டுகளைக் குரோம் திறக்கவே மறுக்கும், ‘அன்சேஃப் போர்ட்’ என்று சொல்லும். அலுவலக நெட்வொர்க்கிலும் 80, 443 தவிர மற்றதை அடைத்திருப்பார்கள். மொபைல் டேட்டாவில் ஒருமுறை முயன்றால் அது தெரிந்துவிடும்.

12. எஞ்சின்எக்ஸுக்கு லோக்கல்ஹோஸ்ட் வேறு

எஞ்சின்எக்ஸும் ஒரு கன்டெய்னரில் இருந்தால், அதன் கான்ஃபிக்கில் லோக்கல்ஹோஸ்ட் 5000 என்று எழுதினால் அது தன்னையே கூப்பிட்டுக்கொள்ளும், 502 வரும். கம்போஸ் ஃபைலில் அப்ளிகேஷனுக்கு வைத்த சர்வீஸ் பெயரை எழுது. போர்ட்டும் கன்டெய்னருக்குள் உள்ள போர்ட்டாக இருக்கட்டும், வெளியிட்ட போர்ட் வேண்டாம். பெயரை வைத்துக் கண்டுபிடிப்பது நாம் உருவாக்கும் நெட்வொர்க்கிலும் கம்போஸ் உருவாக்கும் நெட்வொர்க்கிலும்தான் நடக்கும். டாக்கரின் இயல்பான பிரிட்ஜில் நடக்காது.

நேற்றுவரை ஓடியது, அப்ளிகேஷன் கன்டெய்னரை மட்டும் புதுப்பித்ததும் 502 என்றால், எஞ்சின்எக்ஸ் தான் தொடங்கியபோது கண்டறிந்த பழைய ஐபியையே பிடித்துக்கொண்டிருக்கலாம். அதை ஒருமுறை ரீலோட் செய்.

13. பக்கம் வந்தும் டேட்டா வரவில்லை என்றால்

லோகோ வருகிறது, மெனு வருகிறது, நடுவில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எஃப்12 அழுத்தி நெட்வொர்க் டேபைத் திற. ரியாக்ட் நிரல் லோக்கல்ஹோஸ்ட் 3000-ஐக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். அந்த நிரல் ஓடுவது பார்ப்பவரின் பிரவுசரில். அங்கே லோக்கல்ஹோஸ்ட் என்பது பார்ப்பவரின் கம்ப்யூட்டர். உன் லேப்டாப்பில் ஏபிஐயும் ஓடிக்கொண்டிருந்தால் உனக்கு மட்டும் வேலை செய்யும், வாடிக்கையாளருக்குச் செய்யாது. ஏபிஐயை அதே டொமைனில் ஒரு பாதையாக எஞ்சின்எக்ஸ் வழியாகக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லையும் போகும், கோர்ஸ் தொல்லையும் போகும்.

14. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று

மாற்று, சோதி, பலனில்லையென்றால் பழையபடி வை. பிறகு அடுத்தது. சோதனைக்காகத் திறந்த போர்ட், அணைத்த ஃபயர்வால், தளர்த்திய விதி எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டே போ. வேலை முடிந்ததும் அந்தக் காகிதத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக மூடு.

15. உதவி கேட்கத் தயங்காதே, வெறுங்கையோடும் கேட்காதே

டாக்கர் பிஎஸ் காட்டியது, லாக்கின் முதல் பிழை, மூன்று இடங்களிலிருந்தும் கர்ல் சொன்ன பதில், கிளவுட் ஃபயர்வால் விதியின் ஸ்கிரீன்ஷாட் ஆகிய நான்கையும் எடுத்துக்கொண்டு மூத்தவரிடம் போ. பாஸ்வேர்டும் டோக்கனும் அவற்றில் தெரியாதபடி மறைத்துவிடு. இந்த நான்கையும் வரிசையாக வைக்கும்போதே, கேட்கவேண்டிய தேவை பாதிப் பேருக்கு இல்லாமல் போய்விடும். மீதிப் பேருக்கு, கேட்கப்படுபவர் “முதல்ல இதெல்லாம் பார்த்தியா?” என்று ஆரம்பிக்கவேண்டிய நேரம் மிச்சமாகும்.